தோற்கக்கூடிய கேள்வி

1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். நிலத்தை அளந்தோம், விளைச்சலைக் கணக்கிட்டோம், மக்கள்தொகையையும் எண்ண முயன்றோம், ஆனால் இந்த மக்களின் கல்வி எந்த நிலையில் இருக்கிறது என்று இதுவரை கேட்டறியவில்லை என்பது அதன் சாரம். மாவட்ட ஆட்சியர்கள் கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்ற உத்தரவோடு ஒரு படிவமும் போயிற்று. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கட்டங்கள், சாதி வாரியாக மாணவர்களுக்குக் கட்டங்கள், ஆண் பெண் என்று பிரித்த கட்டங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1826 மார்ச்சில், வந்து சேர்ந்த கணக்குகளை மன்றோ தொகுத்தார். 1,28,50,941 மக்கள், 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதாவது 67 பேருக்கு ஒருவர் கல்வி பெறுகிறார். மன்றோ அந்த எண்ணோடு நிற்கவில்லை. மக்களில் பாதி பெண்கள், அவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வருவதில்லை என்று அவர்களைக் கழித்தார். மீதியுள்ள ஆண்களில் ஐந்து முதல் பத்து வயது வரையிலானவர்களை ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் பள்ளி வயதுச் சிறுவர்கள் ஏறத்தாழ 7,13,000 பேர். பள்ளியில் இருந்த சிறுவர்கள் 1,84,110 பேர். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்று அவர் மதிப்பிட்டார். 67இல் ஒன்று, நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று: மூன்று விடைகளும் ஒரே கணக்கெடுப்பிலிருந்து வந்தவை.

வீட்டுக் கல்விக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. இதைக் கனரா மாவட்ட ஆட்சியர் அப்போதே கண்டுகொண்டார். தம் மாவட்டத்தில் படிப்பு பெரும்பாலும் வீடுகளில் நடக்கிறது, படிவத்தை நிரப்பி அனுப்பினால் அது உண்மை நிலையைக் காட்டாது என்று சொல்லி எண்களையே அனுப்பாமல் விட்டார். அந்தக் கணக்கெடுப்பிலேயே மிகுந்த ஆய்வு உணர்வோடு எழுதப்பட்ட பதில் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஆவணங்களைத் தரம்பால் 1983இல் ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ என்ற நூலில் தொகுத்து வெளியிட்ட பிறகு, ஆங்கிலேயர் வருகைக்கு முன் இங்கே கல்வி எவ்வளவு பரவியிருந்தது என்ற விவாதம் மறுபடி சூடுபிடித்தது. இன்றுவரை இரு தரப்பும் எடுத்து வீசுவது அதே எண்களைத்தான். எந்தக் கட்டம் இருக்கலாம், எது வேண்டாம் என்று 1822இல் எடுத்த முடிவு இருநூறு ஆண்டுகளாக நம் வாதங்களின் எல்லையை வகுத்துக்கொண்டிருக்கிறது. கல்வி ஆய்வொன்றின் தலைவிதி தரவு சேர்ப்பதற்கு வெகு முன்பே, எதை எப்படிக் கேட்பது என்று எழுதும் அந்தச் சில பக்கங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட பக்கங்களை நம் கல்வியியல் துறைகள் பதிவுக்கான ஓர் இணைப்புத் தாளாகக் கருதப் பழகிவிட்டன. இந்தப் பழக்கத்தை மாற்றியே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

இன்று ஓர் ஆய்வு முன்மொழிவு, துறைகளில் வழங்கும் பெயரில் சொன்னால் சினாப்சிஸ், எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். எம்.எட். மாணவரோ முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவரோ இரண்டு மாறிகளைத் தேர்ந்துகொள்கிறார். மனவெழுச்சி நுண்ணறிவும் பணித் திருப்தியும், அல்லது கற்றல் பாணியும் கணித அடைவும். இரண்டையும் அளக்க யாரோ முன்பே உருவாக்கிய ஐந்து புள்ளி அளவுகோல் கைவசம் இருக்கிறது. ஒரு மாவட்டம், முந்நூறு பேர் கொண்ட மாதிரி. பிறகு பின்னணி மாறிகள்: பாலினம், நகரம் கிராமம், பயிற்று மொழி, பள்ளி நிர்வாக வகை, பெற்றோரின் படிப்பு, குடும்ப வருமானம். ஒவ்வொரு பின்னணி மாறிக்கும் ஒரு நோக்கம், ஒவ்வொரு நோக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடியும் ஓர் இன்மைக் கருதுகோள். ஷோத்கங்கா தளத்தில் கல்வியியல் ஆய்வேடுகளின் தலைப்புகளை ஒரு பிற்பகல் முழுதும் படித்துப் பார்த்தால் இந்த அச்சின் பிடி எவ்வளவு வலியது என்று புரியும். இந்தியாவில் கல்வியியலில் முதல் முனைவர் பட்டம் 1943இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அளிக்கப்பட்டது. பரோடாவில் எம்.பி. புச் 1974இல் இந்தியக் கல்வி ஆய்வுகளின் முதல் தொகுப்பாய்வை வெளியிட்டார். எது செய்யப்பட்டிருக்கிறது, எங்கே இடைவெளி என்று அடுத்து வருபவருக்குத் தெரியட்டும் என்பதற்காகவே அந்தப் பெரும் உழைப்பு. அந்த வரிசை பல தொகுதிகளாக நீண்டது. ஆனால் முன்னாய்வுகளின் மீள்பார்வை என்ற தலைப்பின் கீழ் இன்று எழுதப்படுவதைப் பாருங்கள். இன்னார் இந்த ஆண்டில் இத்தனை பேரிடம் ஆய்ந்தார், இது கண்டறியப்பட்டது என்று பத்தி பத்தியாகப் போகும். அந்த முடிவுகள் ஒன்றோடொன்று ஏன் முரண்படுகின்றன என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. முரண் இருக்கும் இடத்தில்தானே அடுத்த ஆய்வுக்கான கேள்வி கிடக்கிறது.

இந்த அச்சின் குறை சலிப்பு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதன் கணக்கிலேயே கோளாறு இருக்கிறது. ஐந்து சதவீத மட்டத்தில் ஒரு கருதுகோளைச் சோதிக்கிறோம் என்றால், உண்மையில் வேறுபாடு ஏதும் இல்லாதபோதும் இருபது முறைக்கு ஒரு முறை வேறுபாடு இருப்பதுபோல் தற்செயலாகத் தோன்றும் என்பதை ஏற்றுக்கொண்டே இறங்குகிறோம். ஒன்றையொன்று சாராத இருபது கருதுகோள்களை வரிசையாகச் சோதித்தால், ஒன்றாவது அப்படிப் பொய்யாக மின்னுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட அதிகம். அப்படி மின்னிய ஒன்றை எடுத்து, நகர்ப்புற ஆசிரியைகளின் மனவெழுச்சி நுண்ணறிவு கூடுதலாக இருப்பதற்கு இன்னின்ன சமூகக் காரணங்கள் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் விளக்கம் எழுதுகிறோம். மறுபக்கம், வேறுபாடு தென்படவில்லை என்பதை வேறுபாடு இல்லை என்று படித்துவிடுகிறோம். மாதிரி சிறியது, கருவி முரடானது என்றால் உண்மையான வேறுபாடும் கண்ணுக்குத் தப்பிவிடும். எத்தனை பேரை எடுத்தால் எவ்வளவு சிறிய வேறுபாடு புலப்படும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு முன்மொழிவில் எழுத வேண்டும் என்பது புள்ளியியலில் பாலபாடம். முந்நூறு என்ற எண் அப்படிக் கணக்கிட்டு வந்ததாகத் தெரியவில்லை.

ஒரு முன்மொழிவின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தரவு சேர்க்கும் முன்பே ஆய்வேட்டின் பரிந்துரைகளை எழுதிப் பார்க்க வேண்டும். விடை ஆம் என்று வந்தால் என்ன சொல்வேன், இல்லை என்று வந்தால் என்ன சொல்வேன் என்று இரண்டு தாள்களில். மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் பணித் திருப்திக்கும் தொடர்பு உண்டென்றால், ஆசிரியர்களுக்கு மனவெழுச்சிப் பயிற்சி தர வேண்டும் என்று எழுதுவோம். தொடர்பு இல்லை என்றால்? அப்போதும் பயிற்சி தர வேண்டும், மேலும் ஆய்வுகள் நடக்க வேண்டும் என்றுதான் எழுதுவோம். இரண்டு தாள்களிலும் ஒரே வரிகள் வந்துவிட்டால், அங்கே கேட்கப்பட்டது கேள்வியே இல்லை. கேள்வி என்றால் அது தோற்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆய்வாளர் நம்பியிருப்பது பொய்யாகிப்போக ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அது பொய்யானால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று மாற வேண்டும். இந்த இரண்டையும் எழுத்தில் ஒப்புக்கொள்வதற்குத்தான் முன்மொழிவு இருக்கிறது.

தொண்ணூறுகளில் வட இந்தியக் கிராமங்களில் நடந்த ‘புரோப்’ ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை, அதனால்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்பது அன்று அதிகாரிகளிடமும் ஆசிரியர்களிடமும் ஊறிப்போன நம்பிக்கை. ஜான் டிரேஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1996இல் பீகார், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடமே கேட்டார்கள். ஆண் பிள்ளை படிப்பது முக்கியம் என்று 98 சதவீதத்தினரும், பெண் பிள்ளை படிப்பது முக்கியம் என்று 89 சதவீதத்தினரும் சொன்னார்கள். 1999இல் அறிக்கை வெளிவந்தபோது விவாதம் திசை திரும்பியது. பெற்றோரின் மனதைத் திருத்தும் பிரச்சாரத்தைவிட, பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா, கற்பித்தல் நடக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்பவை முன்னுக்கு வந்தன. பெற்றோர் பெருவாரியாக அக்கறையில்லை என்று சொல்லியிருந்தால் அந்த ஆய்வாளர்களின் நிலைப்பாடு சரிந்திருக்கும். சரியக்கூடிய இடத்தில் கேள்வியை நிறுத்தியதால்தான் அந்த எண்களுக்கு இன்றும் எடை இருக்கிறது.

கேள்விக்கு அடுத்தபடி, அதில் வரும் சொல்லை எப்படி வரையறுக்கிறோம் என்பது. முன்மொழிவுகளில் செயல்முறை வரையறை என்று ஒரு பகுதி உண்டு, அகராதிப் பொருளையும் அறிஞர் மேற்கோளையும் நிரப்பி அதைக் கடந்துவிடுவார்கள். ஆசிரியர் வருகையின்மை பற்றிய இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்தால் அந்தப் பகுதியின் பாரம் தெரியும். மைக்கேல் கிரெமரும் கார்த்திக் முரளிதரனும் உள்ளிட்ட குழு, இந்தியாவின் 20 மாநிலங்களில் ஏறத்தாழ 3,700 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிப் போனது. நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை என்று 2005இல் வெளியிட்டது. அந்த 25 சதவீதம் நாடெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. அரசு ஆசிரியர் என்றாலே வேலைக்கு வராதவர் என்ற பேச்சுக்கு அதுவே ஆதாரமாகவும் ஆயிற்று. 2017இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 619 பள்ளிகளில் 2,861 ஆசிரியர்களைக் கணக்கெடுத்தது. 18.5 சதவீதத்தினர் பள்ளியில் இல்லை. ஆனால் காரணமின்றி வராதவர்கள் ஏறத்தாழ 2.5 சதவீதம் மட்டுமே, மற்றவர்கள் விடுப்பிலோ அரசு சொன்ன வேறு பணியிலோ இருந்தவர்கள். இரண்டு ஆய்வுகளும் ஒரே மாநிலங்களில் நடந்தவை அல்ல, இடையில் பல ஆண்டுகளும் ஓடிவிட்டன, ஆகவே வேறுபாடு முழுவதும் வரையறையால் வந்தது என்று சொல்ல முடியாது. முதல் ஆய்வும் காரணங்களைக் கேட்கத்தான் செய்தது. ஆனால் எது தலைமை எண்ணாக நின்றது என்பதைப் பொறுத்துக் கொள்கை வேறு பக்கம் திரும்புகிறது. குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால், ஆசிரியர் எந்தக் காரணத்துக்காக இல்லாவிட்டாலும் அன்று பாடம் இல்லை; அங்கே 25 சதவீதமும் 18.5 சதவீதமும்தான் சரியான எண்கள். ஆசிரியரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் 2.5 சதவீதம்தான் எண். எந்தக் கேள்வி நம்முடையது என்று முன்மொழிவிலேயே சொல்லிவிட்டால், பிறகு ஓர் எண்ணை எடுத்து மற்றக் கேள்விக்குப் பதிலாகக் காட்டும் தவறு நேராது.

இங்கே நடக்கக்கூடிய ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு முன்மொழிவு எப்படி வளரலாம் என்று பார்க்கலாம். தமிழக அரசு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் முறை. இதை ஆய்வுப் பொருளாக எடுப்பவருக்குக் கைக்கு எட்டும் முதல் தலைப்பு, இந்தத் திட்டம் குறித்து ஆசிரியர்களின் மனப்பான்மை என்பதாக இருக்கும். அரசு ஊழியரிடம் அரசுத் திட்டத்தைப் பற்றி ஐந்து புள்ளி அளவுகோலில் கருத்துக் கேட்டால் வரும் விடையை இப்போதே எழுதி வைத்துவிடலாம். அதே பள்ளிகளில் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஐயம் வேறு: அரும்பில் இருக்கும் பிள்ளை அரும்பிலேயே தங்கிவிடுகிறதோ? இதில் ஒரு கேள்வி இருக்கிறது. மூன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் அரும்பு நிலையில் இருந்த குழந்தைகளில் ஆண்டு முடிவில் மேலேறியவர் யார், தங்கிவிட்டவர் யார், இந்த இரு சாராருக்கும் வகுப்பில் கிடைத்த ஆசிரியரின் நேரம் வேறுபட்டதா?

இப்படி எழுதியதும் சிக்கல்கள் வரிசையாக எழுகின்றன, அவை எழ வேண்டும் என்றுதான் விரும்புகிறோம். மேலேறினார் என்பதை எதை வைத்துச் சொல்வது? ஆசிரியர் தமது செயலியில் பதிவுசெய்த நிலையையா, ஆய்வாளரே குழந்தையைத் தனியே உட்காரவைத்து வாசிக்கக் கேட்டதையா? இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. தேர்வு நாளன்று காய்ச்சலோடு வந்த குழந்தையும், கூச்சத்தால் வாய் திறக்காத குழந்தையும் அரும்பில் விழுந்திருப்பார்கள். அடுத்த முறை கேட்டால் யாரும் எதுவும் கற்பிக்காமலே அவர்கள் மேலே வருவார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களைப் பொறுக்கி, பயிற்சி கொடுத்து, மறுதேர்வு வைத்து, முன்னேற்றம் என்று காட்டும் ஆய்வுகளில் எவ்வளவு முன்னேற்றம் இப்படித் தானாக வந்தது என்று பிரித்தறிய வழியே இருப்பதில்லை. ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை வாசிக்கக் கேட்க வேண்டும். தை மாதத்துக்குப் பிறகு பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விடும் குழந்தைகள் ஆண்டு முடிவுத் தேர்வில் இருக்கவே மாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் திட்டம் உண்மையைவிட அழகாகத் தெரியும். அவர்களைத் தேடிப்போக வழி உண்டா, இல்லையென்றால் அவர்கள் எந்த நிலையிலிருந்து போனார்கள் என்றாவது சொல்ல முடியுமா? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குழந்தைக்கு அரும்பு என்பது வாசிப்பின் நிலையா, மொழியின் நிலையா? ஓர் ஆசிரியர் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்திருக்கும்போது, அவர் யாரிடம் பேசுகிறார் என்பதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார் என்று தெரிந்தாலே அந்த நேரப் பங்கீடு மாறிவிடும். ஆகவே முதல் சில நாள் குறிப்புகளை ஒதுக்கிவிடத் திட்டமிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு இரண்டு தாள் சோதனைக்கு வருவோம். தங்கிவிட்ட குழந்தைகளுக்கு நேரம் குறைவாகக் கிடைத்தது என்று தெரிந்தால், பல்வகுப்பு அறைகளில் கூடுதல் ஆசிரியரோ நேர ஒதுக்கீட்டில் மாற்றமோ வேண்டும் என்ற வாதம் வலுக்கும். நேரம் சமமாகவே கிடைத்தது, ஆனால் தங்கியவர்களில் பெரும்பாலோர் பருவகாலத்தில் இடம்பெயர்ந்தவர்கள் என்று தெரிந்தால், பணம் சூளைப் பகுதியில் பள்ளி ஏற்பாட்டுக்குப் போக வேண்டும். இரண்டு தாள்களும் இப்போது வேறு வேறாக இருக்கின்றன.

இதற்கெல்லாம் பெரும் நிதியும் பெருங்குழுவும் வேண்டும் என்று சொல்லப்படலாம். தமிழகத்தைப் பற்றி அண்மையில் வந்த ஓர் ஆய்வு உண்மையிலேயே பெரியது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் 220 கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை வீட்டிலேயே சந்தித்து, பெருந்தொற்றுக்காலக் கற்றல் இழப்பை அளந்தார்கள். 2021 டிசம்பரில் இருந்த பின்தங்கலில் மூன்றில் இரண்டு பங்கு அடுத்த ஆறு மாதங்களில் மீண்டது, அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் வந்தது என்பது அவர்களின் முடிவு. அதன் பரப்பை ஒரு முனைவர் பட்ட மாணவரால் எட்ட முடியாது. ஆனால் அந்த ஆய்வை நிறுத்தி வைத்திருக்கும் தூண், 2019இல் அதே கிராமங்களில் அதே வயதுக் குழந்தைகளிடம் எடுத்த அளவீடு. அது இருந்ததால்தான் எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல முடிந்தது. எதனோடு ஒப்பிடுகிறேன் என்ற கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதற்குப் பணம் தேவையில்லை. ஆறு பள்ளிகளில் எழுபது குழந்தைகளை வைத்துச் செய்யும் ஆய்விலும் அந்த ஒழுங்கு கூடிவரும். முந்நூறு பேரின் மனப்பான்மையைவிட எழுபது குழந்தைகளின் வாசிப்பு நமக்கு அதிகம் சொல்லும். பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்யும் ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை என்பது உண்மை. எனினும் அவர்களிடம் இருப்பது வெளியிலிருந்து வரும் எந்த ஆய்வாளருக்கும் வாய்க்காதது: ஆண்டு முழுதும் அதே குழந்தைகளின் அருகில் இருப்பது. அந்த அனுகூலத்தைக் கைவிட்டு, வேறு பள்ளிகளுக்கு வினாத்தாள் கட்டுகளை அனுப்பிக் காத்திருக்கச் சொல்கிறது நம் அச்சு.

இதைவிட ஆழமான மறுப்பு பண்புசார் ஆய்வு செய்பவர்களிடமிருந்து வருகிறது. களத்துக்குப் போன பிறகுதான் உண்மையான கேள்வி பிறக்கும், முன்கூட்டியே கட்டிவைப்பது களத்தின் வாயை அடைப்பதாகும் என்கிறார்கள். இதில் பெரும் நியாயம் உண்டு. பத்மா சாரங்கபாணி டெல்லியை ஒட்டிய ஒரு கிராமப் பள்ளியில் நீண்ட நாள் இருந்து எழுதி 2003இல் வெளியிட்ட இனவரைவியல் நூலை எந்தக் கருதுகோள் பட்டியலுக்குள்ளும் அடக்க முடியாது. பள்ளி அறிவு என்று எதைக் குழந்தைகள் எடுத்துக்கொள்கிறார்கள், ஆசிரியரின் அதிகாரம் அதில் எப்படிக் கலக்கிறது என்பவை உள்ளே இருந்து பார்த்தால் மட்டுமே தெரிபவை. ஆனால் களத்தில் கேள்வி மாறியது என்று சொல்ல வேண்டுமானால், மாறுவதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். நான் இதைக் காண்பேன் என்று எண்ணிப் போனேன், கண்டது வேறு என்று ஓர் இனவரைவியலாளர் சொல்லும்போது அந்தத் தொலைவே அவருடைய கண்டறிதலின் பெரும்பகுதி. எழுதாமல் போனவருக்கோ, கண்டதெல்லாம் முதலிலேயே எதிர்பார்த்ததாகத் தோன்றிவிடும். நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே பண்புசார் ஆய்வுக்கான முன்மொழிவு வேறு வடிவில் இருக்கட்டும். கருதுகோள்களைக் கேட்க வேண்டாம். ஆய்வாளர் எந்த முன்முடிவோடு போகிறார், எதைப் பார்த்தால் அதைக் கைவிடுவார் என்று ஒரு பக்கமாவது கேட்கலாம்.

அச்சை மீறினால் ஆய்வு ஆலோசனைக் குழு ஏற்குமா என்ற அச்சம்தான் மாணவர்களை இறுக்கிப் பிடிக்கிறது. இந்த அச்சத்துக்கு அவர்களைக் குறை சொல்லுவது அநியாயம். மாற வேண்டியவர்கள் மேசையின் மறுபக்கம் இருப்பவர்கள். உளவியலில் 2013 முதல் சில ஆய்விதழ்கள் ஒரு முறையைக் கையாளுகின்றன. கேள்வியையும் முறையையும் தரவு சேர்ப்பதற்கு முன்பே மதிப்பிட்டு, நன்றாக இருந்தால் அப்போதே ஏற்றுக்கொண்டு, முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் வெளியிடுகின்றன. நம் குழுக்களுக்கு இதைவிட எளிதான வாய்ப்பு இருக்கிறது. முன்மொழிவு அவர்கள் கைக்குத்தான் முதலில் வருகிறது, முடிவு எதுவாக இருந்தாலும் இந்த ஆய்வு பட்டத்துக்குத் தகுதியானது என்று அங்கேயே சொல்லிவிடும் அதிகாரமும் இருக்கிறது. அந்த உறுதி கிடைத்தால், எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று எழுத மாணவருக்குத் துணிவு வரும். நெறியாளரின் பழைய கருவியையே பயன்படுத்த வேண்டிய கட்டாயமும் தளரும். கருவியின் நம்பகத்தன்மையை எண்ணாகக் கேட்பதோடு நிறுத்தாமல், அந்தக் கருவி அளப்பது நாம் கேட்ட கேள்வியைத்தானா என்று குழு வற்புறுத்திக் கேட்கலாம். எந்த நிலையில் உங்கள் கருத்து தோற்கும் என்று வாய்மொழியாகக் கேட்டாலும் போதும், பதில் சொல்ல மாணவர் ஆயத்தமாகிவிடுவார்.

முன்மொழிவில் எங்கும் கணக்கில் வராத செலவு ஒன்றும் இருக்கிறது. முந்நூறு மாணவர்களிடம் ஒரு பாடவேளை, நாற்பத்தைந்து நிமிடம், வினாத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் அது 225 மணி நேரம். முதன்மைக் கல்வி அலுவலரிடமும் தலைமையாசிரியரிடமும் அனுமதி பெறுகிறோம், பெற்றோரின் ஒப்புதல் கேட்பது பலவேளை பெயரளவில் நிற்கிறது, குழந்தையின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அந்த வகுப்பு அன்று கணக்குப் பாடத்தை இழந்தது. அதற்கு ஈடாக அந்தப் பள்ளிக்கு என்ன திரும்பிவரும், எப்போது வரும் என்று முன்மொழிவில் ஒரு வரி கிடையாது. நோக்கங்கள், மாதிரி, கால அட்டவணை எல்லாம் எழுதும் படிவத்தில் இதற்கும் ஓர் இடம் வைக்க வேண்டும். அரும்பு நிலைக் குழந்தைகளின் வாசிப்பைக் கேட்கும் ஆய்வாளரால், கேட்ட அதே வாரத்தில், எந்தக் குழந்தை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று வகுப்பாசிரியரின் கையில் கொடுத்துவிட முடியும். ஆய்வேடு அச்சேறி, வைவா முடிந்து, பட்டம் வாங்கும் காலம் வரை அது காத்திருந்தால் அந்தக் குழந்தை ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும். உடனே சொல்லிவிட்டால் ஆசிரியர் தம் கற்பித்தலை மாற்றிக்கொள்வார், ஆய்வின் முடிவு கலங்கிவிடும் என்று ஒரு நெறியாளர் தடுக்கக்கூடும். அது உண்மையான சிக்கல்தான். சில பள்ளிகளில் உடனே சொல்வது, மற்றவற்றில் ஒரு பருவம் கழித்துச் சொல்வது என்று வகுத்து, சொன்னதால் என்ன மாறியது என்பதையும் சேர்த்தே ஆராயலாம். தாமதமாகச் சொல்வதால் எந்தக் குழந்தைக்கு என்ன இழப்பு என்பதை அப்போது முன்மொழிவிலேயே எடைபோட்டு எழுத வேண்டியிருக்கும். அதைப் படித்த பிறகுதான் குழு ஒப்புதல் தர வேண்டும்.